எட்டடிப் பலகையில் ஓர் ஆத்தூர்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் பலகை என்னவென்று பலர் கேட்டிருக்கிறீர்கள். "ரிட்டயர்டு ஆன மனுஷனுக்கு பொம்மை ரயில் எதற்கு?" என்று சிலர் கேட்டதும் என் காதில் விழுந்தது. தவறில்லை. என் வீட்டிலும் அதே கேள்விதான். பதில் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

இது பொம்மை ரயில் அல்ல, மாதிரி ரயில். வித்தியாசம் அளவில் இருக்கிறது. உண்மையான ரயிலின் ஒவ்வொரு பாகத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். உலகில் அதிகம் புழங்குவது எச்ஓ, அதாவது 87இல் ஒரு பங்கு. பிரிட்டன்காரர்களின் ஓஓ 76இல் ஒரு பங்கு. இரண்டும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓடும். என் அளவு 160இல் ஒரு பங்கு, அதற்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளம். என் என்றால் என்னுடையது என்று நினைத்துவிடாதீர்கள், அது ஆங்கில எழுத்தின் பெயர்!

சிரிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஓய்வுபெற்ற புதிதில் எச்ஓ எஞ்சின் ஒன்று வாங்கினேன். அடுத்து மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு பெட்டிகளுக்கு ஆர்டர் போட்டேன். பார்சலைப் பிரித்தால், எஞ்சின் யானை மாதிரி, பெட்டிகள் ஆட்டுக்குட்டி மாதிரி. வாங்கியது என் அளவுப் பெட்டிகள். முப்பத்தைந்து வருடம் வவுச்சர் சரிபார்த்தவன், அட்டைப்பெட்டி மேல் இருந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் விட்டேன். ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்குமுன் அளவைப் பாருங்கள்.

அடுத்து இடம். இன்றைய எல்எச்பி பெட்டி ஒன்று சுமார் 23.5 மீட்டர் நீளம். எச்ஓவில் அது 27 சென்டிமீட்டர். சேலம் ஜங்ஷனில் நீங்கள் பார்க்கும் 24 பெட்டி ரயிலை அப்படியே செய்தால் எஞ்சினோடு 22 அடி வரும். என் ஹாலே பதினான்கு அடிதான். அதனால் ஐந்து பெட்டியோடு திருப்தி அடைய வேண்டும். வளைவும் முக்கியம். துவக்கச் செட்டில் வரும் 18 அங்குல ஆர வளைவில் நீளமான பெட்டிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். 22 அங்குலமாவது வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

மின்சாரம் பற்றி தாய்மார்கள் பயப்பட வேண்டாம். தண்டவாளத்தில் போவது 12 வோல்ட் டிசி. இப்போது வரும் எஞ்சின்களில் டிசிசி என்ற டிஜிட்டல் முறை உண்டு. எஞ்சினுக்குள் ஒரு சிப், அதற்கு ஒரு நம்பர், நம் வங்கிக் கணக்கு எண் மாதிரி. ஒரே பாதையில் இரண்டு எஞ்சினைத் தனித்தனி வேகத்தில் ஓட்டலாம். நம்ம ஊரில் பெரிய எதிரி தூசிதான். வாரம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தண்டவாளத்தைத் துடைக்காவிட்டால் எஞ்சின் திக்கித் திக்கித்தான் போகும். நம் வெயிலில் தண்டவாளம் நீளும், இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விடுவதும் அவசியம்.

துணைப்பொருட்கள் விஷயத்தில் காசைக் கொட்டாதீர்கள். வெளிநாட்டுப் பெட்டியில் வருவது ஊசியிலை மரமும் பனி கொட்ட ஏற்ற சாய்ந்த கூரையும்தான். நமக்கு வேண்டியது பனைமரம், ஜவ்வரிசி காயும் களம், கோழிப்பண்ணை, நாமக்கல் லாரி. பனைமரத்துக்கு ஊதுவத்திக் குச்சியும் தேங்காய் நாரும் போதும். தண்டவாளத்து ஜல்லிக்கு கிரஷர் தூளைச் சலித்துப் போடலாம். ஆனால் முதலில் ஒரு காந்தத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இனி என் பலகைக்கு வருகிறேன். என் அப்பா ஆத்தூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். சேலம்–விருத்தாசலம் பாதை அப்போது மீட்டர் கேஜ். ஓடும் எஞ்சின் டிரைவருக்கு டோக்கன் வளையத்தை நீட்டிக்கொண்டு அப்பா நிற்பார். டிரைவர் கையை நுழைத்து அதை வாங்கிக்கொண்டே போவார். அரை டிராயர் போட்ட நான் புளியமரத்தடியில் நின்று பார்ப்பேன். பாதை அகலமானபோது அந்த உலகம் போய்விட்டது. எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. அந்த ஸ்டேஷனை எட்டடிக்கு நாலடிப் பலகையில் திரும்பக் கட்டுகிறேன்.

இந்த மீட்டர் கேஜ் எஞ்சின் நான் தேடிய எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை, அதற்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். டிடி என்கிற, 120இல் ஒரு பங்கு அளவும் அதே 12 மில்லிமீட்டர்தான். பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 2022இல் டிடி:120 வரிசையை அறிவித்ததும் எனக்குப் பாதி வேலை குறைந்தது. டிடி எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, அட்டையில் வெட்டிய ஒய்டிஎம்-4 டீசல் உடலை மாட்டியிருக்கிறேன். அப்பா காலத்து ஒய்பி நீராவி எஞ்சின் இன்னும் பாக்கி.

அது என்னால் முடியுமா என்பது சந்தேகம். இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை முடிந்தது, ஆனால் கை நடுங்குகிறது. சென்ற மாதம் எறும்பு அளவு திருகு ஒன்றைக் கீழே போட்டுவிட்டு ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் எடுத்துக் கொடுத்து, ஒயரையும் பற்ற வைத்தது நம் காலனியின் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. "தாத்தா, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றாள். அன்று இரவு எனக்கு ஒன்று உறைத்தது. நான் போன பிறகு இந்தப் பலகை பழைய பேப்பர்காரரிடம்தான் போகும். வெளிநாட்டில் இருக்கும் என் மகனுக்கு இதில் நாட்டமில்லை. அவனைக் குறை சொல்லவில்லை.

புனேயில் கோத்ருட் பகுதியில் ஜோஷி சிற்றளவு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்ற தனி மனிதரின் ஆசை, 1998இல் மக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாகத் திறந்தது. அவருக்குப் பிறகும் அங்கே ரயில் ஓடுகிறது. ஓட்டத் தெரிந்த இன்னொரு கை இருந்தால்தான் மாதிரி ரயில் பிழைக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று: இந்தப் பலகையை இன்றே சங்கத்தின் சொத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளையும் வாங்கிய விலை, தேய்மானம் எழுதி ஸ்டாக் பதிவேடு தயாராக வைத்திருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

இரண்டு: ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். கட்டணம் கிடையாது. உடைத்தால் திட்ட மாட்டேன், சரிசெய்யக் கற்றுக்கொடுப்பேன்.

மூன்று: ஆத்தூர், வாழப்பாடி, சின்னசேலம் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். கல்யாணக் கோஷ்டி ரயிலேறும் போட்டோவின் பின்னால் ஸ்டேஷனின் ஒரு மூலை தெரிந்தாலும் போதும். எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் குழாய் பிளாட்பாரத்தின் எந்த முனையில் இருந்தது என்பதில் எனக்கும் என் அக்காவுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அப்பாவின் உருவம் மட்டும் முடிந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் உயரம், கையில் கம்பி வளையம். ரயில் வரக் காத்து நிற்கிறார். வந்து பாருங்கள்.