யாருடைய கைப்பக்குவம்?

(தர்மபுரியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வித்தியாசமான ஐடியா இருந்தால் போதும், யாரும் முதலாளி ஆகலாம்' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். தர்மபுரியில் பிறந்த எனக்கு ஒரு சந்தேகம். சேரியிலிருந்து ஒருவர் வந்து ஊர்த்தெருவில் இட்லிக்கடை போட்டால், ருசியைப் பார்த்தா வாங்குவார்கள்? 'யார் வீட்டு ஆள்?' என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

அந்த விசாரணையையே வியாபாரமாக்கினார் தலித் சிந்தனையாளர் சந்திர பான் பிரசாத். 2016-இல் டெல்லியில் 'தலித் ஃபுட்ஸ்' என்று பெயர் வைத்து ஊறுகாயும் மசாலாப் பொடிகளும் விற்கத் தொடங்கினார். ஐயங்கார் பேக்கரி தெருவுக்குத் தெரு இருக்கிறது, யாருக்கும் உறுத்துவதில்லை. ஊறுகாய் பாட்டிலில் 'தலித்' என்று பார்த்ததும் கை தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பெயர் என்ன? வாங்குகிறவரையே பதில் சொல்ல வைத்தார் அவர்.

அடுத்த பாடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் 'பொர்கை' என்ற அமைப்பின் மூலம் தங்கள் பூத்தையலை விற்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பெருமை' என்று பொருள். மறைந்துகொண்டிருந்த தையலை மூத்த பெண்களிடம் கற்று மீட்டார்கள். திருப்பூருக்குப் பிழைக்கப் போகாமல் ஊரிலேயே சம்பாதிக்க ஒரு வழி பிறந்தது. தனி ஆளாக நிற்காமல் கூட்டாக நின்றார்கள், உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பாமல் வெளியூர்ச் சந்தையைத் தேடினார்கள்.

மூன்றாவது பாடம் கசப்பானது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு காதல் திருமணம். எரிந்ததும் சூறையாடப்பட்டதும் பெங்களூரு வரை போய் உழைத்துச் சேர்த்த வீடும் வண்டியும் நகையும். நம் ஆட்களின் மூலதனம் அது. எந்தத் தொழில் திட்ட அறிக்கையிலும் இந்த ஆபத்துக்கு ஒரு பத்தி கிடையாது.

ஆகவே தொழில் தொடங்குங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தோழர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்' பற்றிக் கேளுங்கள். 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திட்டம் அது. 35 விழுக்காடு முதலீட்டு மானியம் உண்டு. அது சலுகை என்று கூச வேண்டாம், உரிமை என்று கேளுங்கள்.

மற்றத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் அந்த இட்லிக்கடை திறக்கிற அன்று, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மறுநாள் வீட்டாரையும் அழைத்துப் போங்கள்.