வில்லும் எண்ணெயும்

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் முன்னாளில் வசதி படைத்த வீட்டாரிடம் கட்டை வண்டியோடு வில் வண்டி என்று ஒன்றும் இருக்கும்; இருசுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வில்லாக வளைத்துப் பொருத்திய அதில் ஏறிச் சென்றால், ஏரிக்கரைப் பாதையின் மேடுபள்ளம் இடுப்பை அவ்வளவாக வருத்தாது. வில் என்பது ஏறியிருப்பவனுடைய சௌகரியத்துக்காகவே ஏற்பட்டது என்று வெகுகாலம் எண்ணியிருந்த எனக்கு, நம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயப் பாதைக்குச் சென்று பார்த்தபின்பே, அது பாதி உண்மைதான் என்று விளங்கிற்று.

அதற்கு முன்னர்ப் பந்தயங்கள் நடந்துவந்த சோழவரம் யுத்தகாலத்து விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டையோ சுமார் 3.7 கிலோமீட்டருக்குள் 12 வளைவுகளை அடக்கி வைத்திருப்பது. வளைவுக்குமுன் மோட்டார் சைக்கிளின் பிரேக்கை அழுத்தினால் பாரமெல்லாம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. வெளிவரும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரத்தின்மேல் வந்து அமர்கிறது. இந்த ஊசலாட்டத்தினூடே டயர் தரையோடு கொண்ட பிடிப்பைக் கைவிடாமல் காப்பதே சஸ்பென்ஷன் என்னும் வில்லமைப்பின் முதல் தர்மம்.

சஸ்பென்ஷனைச் சீரமைக்கும் வித்தை ஸ்பேனரிலிருந்து தொடங்குவதில்லை, அளவுகோலிலிருந்து தொடங்குகிறது. தோலுடையும் ஹெல்மெட்டும் அணிந்தபடியே வீரன் வண்டியில் உட்கார, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கிறார். பந்தயப் பாதையில் ஓட்டுவதற்கு, வண்டியின் முன்புறம் 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை அமுங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு விரைவில் மீளவேண்டும் என்பதை, உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே செல்லும் வேகம் தீர்மானிக்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் ரீபவுண்ட் என்கிறார்கள்; திருகைத் திருப்பி இதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்கள். அது மிகத் தளர்ந்திருந்தால் வண்டி பந்துபோல் துள்ளும். மிக இறுகியிருந்தாலோ, ஒரு மேட்டில் அமுங்கியது மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிட, வண்டி வரவரத் தாழ்ந்துபோய் டயர் பிடிப்பை இழக்கும். வாலிபர் பலர், எல்லாத் திருகையும் இறுக்கிவிடுவதே பந்தய லட்சணம் என்று நினைப்பது பெரும் பிரமை.

என்னை வசீகரித்தது ஒரு சிறு நோட்டுப் புத்தகம். திருகை முழுவதும் இறுக்கி, பின்பு எத்தனை கிளிக் தளர்த்தினோம் என்று எண்ணி எழுதிவைத்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி, மீண்டும் ஓட்டிப்பார்க்கிறார்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் குணம் எதனால் வந்தது, தோஷம் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? முன்னாளிலேயே ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர்க்காரனுக்கு இந்தப் பழக்கம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. காலையில் சரியாக இருந்தது நண்பகலில் பிசகுவதும் உண்டு. ஓட்டத்தில் சூடேறிய எண்ணெய் இளகிவிடுகிறதல்லவா?

அங்கே போய்ப் பழகும் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வீடு திரும்புமுன் திருகுகளைப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்து விடுங்கள்; ஏனெனில், வாலாஜாபாத் தாண்டி எங்கள் ஊர் வரும் சாலையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் எருமைகளும் எதிர்ப்படும்.