தோலில் அரிப்பு, கண்ணில் ஆபத்து

எக்சிமா என்றதும் முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும்தான் நினைவுக்கு வரும். பாட்டிமார் இதைக் கரப்பான் என்பார்கள். இரவெல்லாம் சொறிந்து, தூக்கமில்லாமல் காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்த நோயைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அதே நோய் கண்ணையும் பாதிக்கும் என்பது அந்த வீடுகளில்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. தோல் என்றால் தோல் மருத்துவர், கண் மங்கினால் கண்ணாடிக் கடை என்று தனித்தனியாகப் பார்க்கும் பழக்கமே பரவலாக இருக்கிறது.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல், கண் இமையின் தோல்தான். எக்சிமா அங்கே வந்தால் இமை தடித்து, செதில் செதிலாக உரியும். கீழ் இமைக்கு அடியில் கூடுதலாக ஒரு மடிப்பு விழும். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி குறையும். தேய்த்துத் தேய்த்தே அந்த முடி போகிறது. முகத்தில் இந்த அடையாளங்கள் தெரிந்தால், அந்தப் பிள்ளையின் கை எந்நேரமும் கண்ணில்தான் இருக்கிறது என்று பொருள்.

கண்ணைத் தேய்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கருவிழியின் முன்புறம் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. வருடக்கணக்கில் அழுத்தித் தேய்க்கும்போது அது மெலிந்து, கூம்பு போல முன்னால் துருத்தக்கூடும். இதற்குக் கெரட்டோகோனஸ் என்று பெயர். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. கண்ணாடி பவர் அடிக்கடி மாறும். புதுக் கண்ணாடி போட்டாலும் எழுத்து இரட்டையாகவும் நிழலடித்தும் தெரியும். "கம்ப்யூட்டர் அதிகம் பார்க்கிறான்" என்று பெற்றோர் அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். முன்கூட்டியே கண்டுபிடித்தால், ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்து விட்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சி, அந்தப் படலத்தை இறுக்கும் சிகிச்சை உண்டு. அது மேலும் மோசமாகாமல் தடுப்பதற்கான சிகிச்சை. போன பார்வையை முழுமையாகத் திருப்பித் தந்துவிடாது. மிகவும் முற்றினால், இன்னொருவர் தானம் செய்த கருவிழியைப் பொருத்தும் நிலை வரலாம்.

சிலர் அரிப்பு தாங்காமல் முகத்தையே தட்டுவார்கள், குத்துவார்கள். அந்த அதிர்ச்சியில் விழித்திரை கிழியலாம், பிரியலாம். கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைவது ஆகியவை அதன் அறிகுறிகள். வலி இருக்காது. இதற்கு மறுநாள் அப்பாயின்ட்மெண்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்து, மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்த டியூப். முழங்கைக்கென்று கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை இமையிலும் தடவிக்கொள்வது சர்வ சாதாரணம். அரிப்பு உடனே அடங்கும், அதனால் விடாமல் தடவுவார்கள். மெல்லிய இமைத் தோல் மருந்தை வேகமாக உறிஞ்சிவிடும். நாள்பட்டால் கண்ணுக்குள் அழுத்தம் கூடும். குளுக்கோமா எனப்படும் இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது. பார்வை நரம்பு அரிக்கப்பட்ட பிறகுதான் தெரியவரும், அரிக்கப்பட்டது திரும்ப வராது. முதியவர்களின் நோய் என்று நினைக்கும் கண்புரையும் இவர்களுக்கு இளவயதிலேயே வரலாம். அதற்கு மருந்து மட்டும் காரணமல்ல, கடுமையான எக்சிமாவே காரணமாவதும் உண்டு.

இதைக் கேட்டுப் பயந்து டியூபைக் குப்பையில் போடுவதும் தவறு. மருந்தில்லாமல் எக்சிமா சீறினால் கை மறுபடியும் கண்ணுக்குத்தான் போகும். இமைக்கென்று மிதமான மருந்தைச் சில நாள்களுக்கு மட்டும் தருவார்கள். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இடத்தில், எழுதிக் கொடுத்த நாளுக்கு மட்டும் தடவினால் பயமில்லை. பயப்பட வேண்டியது பாசார் மாலாமிலும் இணையத்திலும் 'மூலிகைக் களிம்பு' என்று விற்கப்படுபவற்றுக்குத்தான். அப்படிப்பட்ட சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் 'மால்' எண் இருக்கும். ஒரே நாளில் மாயம் போல அரிப்பை நிறுத்தும் பெயரில்லாத டப்பா என்றால் சந்தேகப்படுங்கள்.

முன்பு யாருக்கோ கொடுத்த கண் சொட்டு மருந்தை எடுத்து விடுவது இன்னும் ஆபத்து. எக்சிமா உள்ளவர்களுக்குக் கண்ணில் ஹெர்பிஸ் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு சொட்டு மட்டும் விட்டால் கருவிழியில் புண் பரவும். 'உடம்புச் சூடு' என்று விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ நந்தியாவட்டைப் பூச்சாறோ விடுவதும் வேண்டாம்.

எக்சிமா மட்டுமல்ல, சோரியாசிஸ் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். குறிப்பாக மூட்டு வலியும் சேர்ந்தவர்களுக்குக் கண்ணின் உட்பகுதி அழற்சி கொள்ளலாம். பூளை கட்டாமல், ஒரு கண் மட்டும் சிவந்து, உள்ளே குடைந்து வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினால் அது சாதாரணக் கண் வலி அல்ல. கன்னமும் மூக்கும் சிவக்கும் ரோசேசியாவில் இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்து, மணல் விழுந்தது போலக் கண் உறுத்தும். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாததால் நோய் பிடிபடாமலே போவதுண்டு.

கடுமையான எக்சிமாவுக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி பலருக்கு நல்ல நிவாரணம் தருகிறது. ஆனால் அதைப் போட்டுக்கொள்ளும் சிலருக்குக் கண் சிவந்து அரிக்கிறது. தாமாக ஊசியை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால், பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே சமாளித்துவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடியது, அரிக்கும்போது தேய்க்காமல் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமைமேல் வைப்பது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். "தேய்க்காதே" என்று அதட்டுவதால் மட்டும் அரிப்பு நிற்காது. அதற்கேற்ற ஒவ்வாமைச் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்குங்கள். கண் மருத்துவரைப் பார்க்கும்போது, "என் பிள்ளைக்கு எக்சிமா இருக்கிறது, இமையில் இத்தனை மாதமாக மருந்து தடவுகிறோம், கண் அழுத்தத்தைப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா டியூபையும் டப்பாவையும் சொட்டு மருந்தையும், பெயர் அழிந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.