கேட்பது யார்? – ஐரோப்பிய யூதர்களும் சமூக ஆய்வும்



சமூக ஆய்வின் முறைகள் பற்றி ஆண்டுக்கொரு சொற்பொழிவு என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. முறையை மட்டும் பேசினால் வகுப்பறையாகிவிடும். அதனால் ஒரு சமூகத்தை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய யூதர்கள் இன்று ஏறத்தாழ 13 லட்சம் பேர். 1880 வாக்கில் உலக யூதர்களில் 88 விழுக்காட்டினர் ஐரோப்பாவில் வாழ்ந்தார்கள்; இப்போது பத்தில் ஒருவர்கூட இல்லை. இப்படிப்பட்ட எண்களை யார் கேட்டார்கள், கேட்டபின் என்ன நடந்தது என்பதே என் பொருள்.

ஆளை எண்ணுவதில் யூத மரபுக்கே ஒரு தயக்கம் உண்டு. யாத்திராகமத்தில் ஆளுக்கு அரைச் சேக்கல் வாங்கிக் காசைத்தான் எண்ணுகிறார்கள். தாவீது அரசன் குடிகளை எண்ணியதும் கொள்ளைநோய் வருகிறது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். வந்தவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணாமல், பத்துச் சொல் கொண்ட ஒரு வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடலாம். 1941க்குப் பிறகு அது அவ்வளவு எளிதாக இல்லை.

நெதர்லாந்தில் குடிமக்கள் பதிவேட்டில் சமயத்தையும் குறிப்பது போருக்கு முந்தைய வழக்கம். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. சீரான நிர்வாகம், அவ்வளவுதான். ஜெர்மானியர் நாட்டைப் பிடித்தபோது அந்தச் சீர்மையே கருவியாயிற்று. 1941 ஜனவரியில் யூதர்கள் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஒரு வரைபடம் தயாரித்துக் கொடுத்தது. அதில் ஒரு புள்ளிக்குப் பத்து யூதர்கள். புள்ளியியல் நோக்கில் நேர்த்தியான வேலை. 1943 மார்ச் 27 இரவு, ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயுஸும் தோழர்களும் போலீஸ் உடையில் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து தீ வைத்தார்கள். தீயணைப்புப் படையினர் வேண்டுமென்றே தாமதமாக வந்து, தேவைக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். அப்படியும் அட்டைகளில் சிறு பகுதிதான் அழிந்தது. பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டிலிருந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் 1,02,000 பேர் போர் முடியும்போது உயிரோடு இல்லை.

அப்படியானால் கேட்காமலிருப்பதே காப்பு என்று சொல்லத் தோன்றும். பிரான்சு அதற்கு இடம் தரவில்லை. 1872க்குப் பிறகு அங்கே குடிக்கணக்கில் சமயத்தைக் கேட்பதில்லை. ஆனால் 1940 அக்டோபரில் பாரிஸ் காவல் துறை யூதர்களை வந்து பதியச் சொன்னது; ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வரிசையில் நின்று பதிந்தார்கள். அரசாங்கம் கூப்பிட்டால் போகத்தானே வேண்டும் என்று நினைத்த, சட்டத்துக்கு அடங்கிய குடிமக்கள் அவர்கள்.

அதே நூற்றாண்டின் முற்பாதியில் வேறு வகையான கேள்விகளும் கேட்கப்பட்டன. 1912 முதல் 1914 வரை ருஷ்யப் பேரரசின் யூதச் சிற்றூர்களில் சுற்றிய நாட்டுப்புற ஆய்வாளர் ஆன்ஸ்கி, கருவறை தொடங்கி மறுமை வரை ஒரு மனித வாழ்வை 2,087 கேள்விகளாக அச்சிட்டார். உலகப்போர் மூண்டது; விடைகள் திரட்டப்படவே இல்லை. விடையில்லாத அந்தக் கேள்விகளைப் படித்தாலே ஒரு சமூகம் தெரிகிறது என்பேன். வில்னாவில் 1925இல் தோன்றிய யிவோ என்னும் யூத ஆய்வு நிறுவனம் 1930களில் இளைஞர்களிடம் தன்வரலாறு கேட்டுப் போட்டிகள் நடத்தியது. அறுநூறுக்கு மேற்பட்டவை வந்தன.

யிவோவோடு தொடர்புள்ள வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்ப்ளூம் இந்தப் பழக்கத்தை வார்சா கெட்டோவுக்குள் கொண்டுபோனார். மூடப்பட்ட சேரியில், பட்டினிக்கு நடுவே, அவருடைய குழுவினர் வினாநிரல் தயாரித்தார்கள்: பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், குழந்தைகள் என்ன செய்கிறார்கள், உணவு எப்படிக் கடத்தப்படுகிறது, ஊர்விட்டு வந்தவர்கள் கதி என்ன. தாள்களைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்தார்கள். 1946இல் ஒரு பகுதியும் 1950இல் மற்றொரு பகுதியும் தோண்டி எடுக்கப்பட்டன. ரிங்கல்ப்ளூம் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டிருந்தார். இருபதாம் நூற்றாண்டின் களஆய்வுகளில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்கமாட்டேன். எத்தனை பேர் என்று பதிவாளர்கள் கேட்டார்கள். எப்படி வாழ்கிறீர்கள் என்று இவர்கள் கேட்டார்கள்.

இன்றைய ஆய்வாளர்களுக்கு இரண்டு கேள்வியும் வேண்டும். பிரிட்டனில் 1960களில் ஆய்வாளர்கள் யூத அடக்கங்களை எண்ணி, இறப்பு விகிதத்தைக் கொண்டு உயிரோடு இருப்போரைக் கணக்கிட்டார்கள். 2001இல் இங்கிலாந்து-வேல்ஸ் குடிக்கணக்கில் சமயம் பற்றிய கேள்வி சேர்ந்தது. பதில் தருவது அவரவர் விருப்பம். 2,59,927 பேர் யூதர் என்றார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படத்து ஜெடை என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம், 3,90,000! ஒரு தரப்புக்கு விளையாட்டாக இருந்த அதே கட்டத்தை, லண்டன் ஸ்டாம்ஃபர்ட் ஹில் பகுதியின் வைதிக யூதர்கள் பலர் வெறுமையாக விட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2018இல் 12 நாடுகளில் 16,395 யூதர்களிடம் கருத்துக் கேட்டது. கூறெடுக்க முழுப் பட்டியல் கிடையாது. பட்டியல் இருக்கக் கூடாது என்பதுதான் வரலாற்றின் பாடம். எனவே சமூக அமைப்புகள் வழியாக இணைய வினாநிரலைப் பரப்பி, விரும்பியவர்கள் பதில் தரட்டும் என்றார்கள். அமைப்புகளை ஒட்டி வாழ்பவர்களின் குரல் அதில் ஓங்கி ஒலிக்கும், ஒதுங்கியிருப்பவர் குரல் அடங்கும். இந்தக் குறையோடுதான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் ஒரு விடை எனக்கு முக்கியம்: தொல்லைக்கு ஆளானவர்களில், தாங்கள் பட்ட மிக மோசமான தொல்லையைக்கூட யாரிடமும் புகார் செய்யவில்லை என்றவர்கள் 79 விழுக்காடு. காவல் துறைக் கணக்கை மட்டும் நம்புகிறவர் இவர்களைக் காணவே மாட்டார்.

யாரை யூதர் எனக் கொள்வது என்ற சிக்கல் ஜெர்மனியில்தான் கூர்மையாகத் தெரிகிறது. 1991 முதல் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர், யூதர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக, அங்கே குடியேறினார்கள். சோவியத் அடையாள ஆவணத்தில் 'யூதர்' என்பது சமயமல்ல, தேசிய இனம். தந்தை வழியாகவும் வரும். ஜெர்மனியின் சமயச் சபைகளோ தாய்வழியை மட்டுமே ஏற்கின்றன. சோவியத் நாட்டில் யூதன் என்று ஏச்சு வாங்கியவர் ஜெர்மனியில் சபையில் சேர முடியாமல் நின்றார். இன்று சபை உறுப்பினர்கள் ஏறத்தாழ 90,000. தம்மை யூதர் என்போரை எண்ணும் மக்கள்தொகை ஆய்வாளர் செர்ஜியோ டெல்லாபெர்கோலாவின் கணக்கில் 1,18,000. பாட்டன் பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தால் போதும் என்னும் இஸ்ரேலியக் குடியேற்றச் சட்டத்தின் அளவுகோலில், மனைவி கணவரையும் சேர்த்து, 2,75,000. மூன்று எண்ணும் ஒரே நாட்டுக்கு உரியவை. ஆய்வாளர்கள் மூன்றையும் அடுத்தடுத்த பத்திகளில் அச்சிடுகிறார்கள்.