கரிய நங்கை யார்?

மறுமலர்ச்சிக் காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பெருவழக்காக விளங்கிய பாவகை ‘ஸானெட்’ என்பது. பதினான்கு அடிகளுக்குள் ஒரு கருத்தைத் தொடங்கி, வளர்த்து, திருப்பி, முடித்துக் காட்டுவது அதன் இலக்கணம். ஆதலின் அதனைப் பதினான்கடிப் பா எனலாம். காதலே அதன் தலையாய பொருள். அக்காதலுக்கு உரியவளாக ஒரு நங்கை இருப்பாள். பாட்டெல்லாம் அவளைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் அவள் வாய் திறந்து பேசுவது அரிது. அவள் உலகில் உயிரோடு உலவியவளா, அன்றிக் கவியின் கற்பனையில் மட்டும் வாழ்ந்தவளா? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர்களும் நாவலாசிரியர்களும் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளனர். அம்முயற்சியின் வரலாற்றையும், அதனால் விளைந்த எதிர்பாராத பயன் ஒன்றையும் இன்று நாம் காண்போம்.

இவ்வழக்கிற்கு முன்மாதிரியாக நின்றவர் இத்தாலியப் பெருங்கவியாகிய பெட்ரார்க். அவர் பாடிய நங்கையின் பெயர் லாரா. 1327-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ஆவினியோன் நகரத்துப் புனித கிளாரா தேவாலயத்தில் அவளை முதன்முதல் கண்டதாகவும், 1348-ஆம் ஆண்டில் அதே மாதம் அதே நாளில் அவள் மறைந்ததாகவும், தம்மிடமிருந்த வர்ஜில் கவியின் கையெழுத்துப் பிரதியில் பெட்ரார்க் குறித்து வைத்தார். மிலான் நகரத்து அம்புரோசிய நூலகம் அப்பிரதியை இன்றும் காத்து வருகின்றது. இத்தனை தெளிவான குறிப்பு இருந்தும் ஐயம் நீங்கவில்லை. கவிஞர்க்குச் சூட்டும் மாலை லாரெல் என்னும் மரத்தின் இலைகளால் ஆயது. ‘லாரா என்று ஒருத்தி இல்லை, நீர் காதலிப்பது அந்த மாலையைத்தான்’ என்று நண்பர் ஒருவர் பெட்ரார்க்கைக் கேலி செய்ய, அவரும் அதனை மறுத்து மடல் எழுத நேர்ந்தது. 1341-இல் உரோமாபுரியில் அந்த மாலை அவருக்குச் சூட்டவும் பெற்றது! 1764-இல் அபே த சாத் என்னும் பிரெஞ்சு அறிஞர், லாரா தம் குலத்து முன்னோர் ஒருவரின் மனைவியே என்று எழுதினார். அதனைப் பலர் ஏற்றுக் கொண்டனர். எனினும் ஐயம் முற்றும் தீர்ந்ததெனக் கூறுவதற்கில்லை.

இங்கிலாந்தில் இக்காய்ச்சல் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ஸர் பிலிப் ஸிட்னியின் பாக்கள் 1591-இல் அச்சேறின. அவர் பாடிய ‘ஸ்டெல்லா’, ரிச் பிரபுவின் மனைவி பெனலோபி என்பது பொதுவாக ஒப்புக் கொண்ட செய்தி; ‘ரிச்’ என்னும் பெயரைச் சிலேடையாக வைத்துக் கவியே நமக்குத் திறவுகோல் தந்துவிட்டார். ஷேக்ஸ்பியரோ அத்தகைய திறவுகோல் எதனையும் தந்தாரில்லை.

அவருடைய பதினான்கடிப் பாக்கள் 154-ம் 1609-இல் நூலாக வெளிவந்தன. கல்லூரியில் அவற்றுட் சிலவற்றைப் பாடமாகப் பயின்றவர் நம்மிடையே பலர் உளர். முதல் 126 பாக்களில் பெரும்பாலன ஓர் இளைஞனை நோக்கியவை. 127 முதல் 152 வரையுள்ளவை ஒரு பெண்ணைப் பற்றியவை. அவள் கண்ணும் கூந்தலும் கரியன. இசைக் கருவி மீட்ட வல்லவள். கவியையும் அவர் நண்பரையும் ஒருங்கே மயக்குகின்றாள். இவ்வளவே நாம் பாக்களிலிருந்து பெறுவது. பெயரில்லை, ஊரில்லை, நாளில்லை. ‘கரிய நங்கை’ என்னும் தொடர்கூடப் பிற்காலத்துத் திறனாய்வாளர் சூட்டியதே அன்றிக் கவி கூறியது அன்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு நுட்பம் புலனாகின்றது. அக்கால ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்னும் ஒரே சொல் அழகையும் குறிக்கும், வெண்ணிறத்தையும் குறிக்கும். பொன்னிறக் கூந்தலும் வெண்ணிற மேனியுமே அழகென்பது காதற் கவிகளின் மரபாயிற்று. ‘கருமையும் அழகே’ என ஒருவர் பாடினால் அஃது அம்மரபையே எதிர்த்து நிற்பதாகும். கருங்கூந்தலும் கருவிழியும் பெண்ணுக்கு அழகென்று இயல்பாகவே பேசும் தமிழில் இதனைப் பெயர்த்தால் அந்த எதிர்ப்பின் வேகம் காணாமற் போகும். ஆதலின், கருமை என்பது ஒரு பெண்ணின் அங்க அடையாளமா, மரபோடு கவி நடத்திய வழக்கா, இரண்டுமா என்பதை முடிவு செய்யாமல் ஆளைத் தேடப் புறப்படுவது பொருந்தாது.

ஆயினும் தேடல் நிற்கவில்லை. 1890-இல் தாமஸ் டைலர் என்னும் அறிஞர், எலிஸபெத் அரசியின் பணிப்பெண்ணாக இருந்த மேரி ஃபிட்டன் என்பவளே அந்நங்கை என்று வாதித்தார். பெம்புரோக் பிரபுவுடன் கொண்ட தொடர்பால் 1601-இல் அரசவையிலிருந்து நீங்கியவள் அவள். இக்கருத்தைக் கொண்டு பெர்னார்டு ஷா 1910-இல் ஒரு சிறு நாடகம் எழுதினார். ஆனால் அதன் முன்னுரையில் தமக்கே அதில் நம்பிக்கையில்லை என்பதைப் புலப்படுத்தினார். மேரியின் உருவப் படங்களோ அவளை வெண்ணிற மேனியும் சாம்பல் நிறக் கண்களும் உடையவளாகக் காட்டின. வாதம் தளர்ந்தது.

1973-இல் வரலாற்றறிஞர் ஏ. எல். ரௌஸ், சிக்கல் தீர்ந்ததென்று அறிவித்தார். அவர் சுட்டிய பெண் எமிலியா லானியர். வெனிஸ் நகரத்திலிருந்து வந்து ஆங்கில அரசவையில் பணிபுரிந்த பஸானோ என்னும் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் பின்னர்ப் புரவலரான ஹன்ஸ்டன் பிரபுவின் ஆசைநாயகியாக இருந்து, 1592-இல் வேறொருவருக்கு மணம் செய்விக்கப்பட்டவர். ஸைமன் ஃபோர்மன் என்னும் சோதிடரிடம் 1597-இல் அவர் ஆருடம் கேட்கச் சென்றதும், அச்சோதிடரின் குறிப்பேட்டில் அவரைப் பற்றிய செய்திகள் இருப்பதும் உண்மை.

அக்குறிப்பேட்டில் அவரை இளமையில் ‘பிரவுன்’, அதாவது மாநிறத்தவர், என்று எழுதியிருப்பதாக ரௌஸ் படித்தார். ஏட்டை மீண்டும் நோக்கிய அறிஞர்கள், அச்சொல் ‘பிரேவ்’ என்பதே, எடுப்பான தோற்றமுடையவர் என்பதே அதன் பொருள் எனக் காட்டினர். கணவர் பெயர் வில்லியம் என்று ரௌஸ் கூறியதும் தவறு. அவர் பெயர் அல்ஃபோன்ஸோ. பாக்களில் வரும் ‘வில்’ என்னும் சிலேடையோடு பொருத்திக் காட்டிய நயமும் இதனால் வீழ்ந்தது. எமிலியாவும் ஷேக்ஸ்பியரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பதற்குக்கூட நேரான சான்று இல்லை. ரௌஸ் தம் முடிவைக் கைவிட்டாரில்லை.

நாவலாசிரியர்க்கு இத்தகைய தடை இல்லை. ஆன்டனி பர்ஜஸ், ஷேக்ஸ்பியரின் நானூறாவது பிறந்த ஆண்டாகிய 1964-இல் வெளியிட்ட நாவலில், கரிய நங்கையைக் கீழ்த்திசை நாட்டிலிருந்து வந்த பாத்திமா என்னும் பெண்ணாகப் படைத்தார். மலாயாவில் ஆசிரியராக இருந்த அவர், அங்குள்ள மாணவர்க்கு ஆற்றும் இறுதிச் சொற்பொழிவாகவே அக்கதையை அமைத்தார். எமிலியாவை நாயகியாகக் கொண்டு ஸாலி ஓ’ரைலி 2014-இல் ஒரு நாவல் எழுதினார். மார்கன் லாய்டு மால்கம் எழுதிய ‘எமிலியா’ என்னும் நாடகம் 2018-இல் இலண்டன் குளோப் அரங்கில் நடந்தது. இவர்களை நாம் குறை கூற மாட்டோம். கதை எழுதுவோர் கதை என்று சொல்லியே எழுதுகின்றனர். ஆராய்ச்சியாளர் கதையைக் கட்டி அதற்குச் சான்று என்று பெயரிடும்போதுதான் தீங்கு நேர்கின்றது.

ஆயினும் ரௌஸின் தேடல் வீண் போகவில்லை. எமிலியா தாமே ஒரு கவிஞர்! ‘யூதர்களின் அரசராகிய இறைவனே வாழ்க’ என்னும் பொருள்படும் இலத்தீன் தலைப்பில் 1611-இல் அவர் ஒரு கவிதை நூல் வெளியிட்டார். தம் பெயரால் இத்தகைய கவிதை நூலை அச்சிட்ட ஆங்கிலப் பெண்மணிகளுள் முன்னணியில் நிற்பவர் அவர். ஏவாளே உலகின் பாவத்துக்குக் காரணம் என்ற பழியை அந்நூலில் அவர் மறுக்கின்றார். வலிமை மிக்க ஆதாமின் குற்றமே பெரிது. கிறிஸ்துவைக் கொல்லத் துணிந்த ஆடவர்க்குப் பெண்களை அடக்கியாளும் உரிமை ஏது என்று வினவுகின்றார். பிற்காலத்தில் அவர் பள்ளி ஒன்றும் நடத்தினார், 1645-இல் மறைந்தார். அவர் நூல் மறதியில் ஆழ்ந்தது.

1978-இல் ரௌஸ் அந்நூலை மீண்டும் பதிப்பித்தார். மேலுறையில் அவர் இட்ட தலைப்பு, ‘ஷேக்ஸ்பியரின் கரிய நங்கையின் கவிதைகள்’ என்பது. நூலை எழுதியவளின் பெயருக்கு முன்னே, நிறுவப்படாத ஓர் உறவு வந்து நின்றது. 1993-இல் ஸூஸான் உட்ஸ் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டுப் பதிப்பிலேயே அவர் எமிலியா லானியர் என்னும் கவிஞராகத் தம் பெயராலேயே அறிமுகமானார்.

கரிய நங்கை யாரென்ற வினாவுக்கு இன்றும் விடையில்லை. புதிய ஏடு எதுவும் கிடைத்தாலன்றி விடை கிடைக்கப் போவதுமில்லை. அதனால் ஷேக்ஸ்பியரின் பாக்களுக்கு யாதொரு குறையும் நேராது. ஆனால் எமிலியா யாரென்ற வினாவுக்கு விடையுண்டு. அவர் கைப்பட எழுதி அச்சேற்றிய நூலே அவ்விடை. 127-ஆம் பாவைப் படிக்கும் அன்பர்கள், 1611-இல் வெளிவந்த அந்நூலையும் ஒரு முறை படித்துப் பார்த்தல் நலம். முன்னதில் ஒரு பெண்ணைப் பற்றிப் பிறர் பேசக் கேட்கின்றோம். பின்னதில் ஒரு பெண் தானே பேசுகின்றாள்.