டிவி தூங்கிட்டு இருந்துச்சு, மாமா

இன்னைக்கு எபிசோட் ஒரு பிரெட்டுல இருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் ஜெர்மனியில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முதல் நாள் ஜெட் லேக். ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுச்சு. ஹால்ல உட்கார்ந்து டிவியைப் போட்டா, வெள்ளை வெளேர்னு ஒரு இடம். அதுல குட்டிக் கையும் சோகமான மூஞ்சியுமா ஒரு பிரெட் நின்னு புலம்பிட்டு இருக்கு. இருபது நிமிஷம் கழிச்சும் அதே பிரெட், அதே புலம்பல்.

காலையில அக்கா பையன்கிட்ட சொன்னேன். அஞ்சு வயசு அவனுக்கு. "டிவி தூங்கிட்டு இருந்துச்சு, மாமா. நீங்க ஏன் எழுப்பினீங்க?"ன்னு கேட்டான்.

அந்தச் சேனல் பேரு கீகா. ஜெர்மனியின் இரண்டு பொது ஒளிபரப்பு நிறுவனங்களான ஏ.ஆர்.டி.யும் இசட்.டி.எஃப்.பும் சேர்ந்து 1997 ஜனவரி 1 அன்று ஆரம்பித்தது. எர்ஃபுர்ட் நகரத்தில் இருந்து இயங்குகிறது. 3 முதல் 13 வயது வரை உள்ளவர்களுக்கானது. கார்ட்டூன், நாடகம், குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற தினசரிச் செய்தி எல்லாம் உண்டு. விளம்பரம் மட்டும் கிடையாது. காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு விடிய விடிய பெர்ண்ட் என்ற அந்த பிரெட்தான் திரும்பத் திரும்ப ஓடும். பெர்ண்டுக்கு 2004இல் கிரிம்மே விருது கிடைத்தது. அங்கே டிவி உலகத்தில் அது பெரிய மரியாதை.

இப்போ என் கதைக்கு வர்றேன். முன்னாடி ஒரு கம்பெனியில குழந்தைகளுக்கான வீடியோ ஆப்ல வேலை பார்த்தேன். ஒரு வீடியோ முடிஞ்ச அஞ்சாவது செகண்ட்ல அடுத்தது தானா ஓடணும். அந்த கோடை எழுதினது நான்தான். குழந்தைங்க பார்க்கிற நேரம் ஏறுச்சு, டீம்ல எல்லாருக்கும் பிரியாணி ட்ரீட். நானும் ரெண்டு பிளேட் சாப்பிட்டேன். அந்த நேரம் யாரோட தூக்கத்துல இருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு யாருமே கேட்கலை. நானும் கேட்கலை.

அக்கா வீட்டுல தினமும் சாயங்காலம் 6.50க்கு மணல் மனுஷன் வருவார். வெள்ளைத் தாடி வெச்ச குட்டி பொம்மை. 1959இல் கிழக்கு ஜெர்மனியில் ஆரம்பித்த நிகழ்ச்சி அது. ஒரு சின்னக் கதை முடிஞ்சதும் தூக்கம் வர்ற மணலைத் தூவிட்டுப் போயிடுவார். அக்கா பையன் அவனே ரிமோட்டை எடுத்து ஆஃப் பண்ணிட்டு பல்லு விளக்கப் போவான். அதே பையன்கிட்ட மத்தியானம் டேப்லெட்டைத் திருப்பி வாங்கணும்னா வீடே ரெண்டாகிடும்.

இது சும்மா கிடைக்கிறதில்லை. ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். வீட்டில் டிவி இல்லாவிட்டாலும்தான். எங்க மாமாவே அதைப் பத்திப் புலம்புவார். பணத்திலும் தப்பு நடந்திருக்கிறது. 2010இல் கீகாவுக்குள் பல மில்லியன் யூரோ மோசடி வெளியே வந்தது. ஆனா அந்தக் கட்டணம் வர்றதாலதான், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஒரு குழந்தையைப் பிடிச்சு உட்கார வைக்கிற அவசியம் அந்தச் சேனலுக்கு இல்லை. எங்க ஆப்புக்கு அந்த அவசியம் இருந்துச்சு. விளம்பரம் பார்க்க யாராவது முழிச்சிட்டு இருக்கணும்ல?

நான் எழுதின அந்த கோட் இப்பவும் எங்கேயோ ஓடிட்டுதான் இருக்கும். அதை நான் நிறுத்த முடியாது. அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன். உங்க வீட்டுக் குழந்தை பார்க்கிற ஆப்ல செட்டிங்ஸுக்குப் போய் ஆட்டோபிளேவை ஆஃப் பண்ணுங்க. அந்த பட்டன் எத்தனை மெனுவுக்கு உள்ள ஒளிஞ்சிருக்குன்னு எண்ணி, எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.