மூச்சை அளக்கும் படிப்பு

(பரிசளிப்பு விழாவில் சிங்கப்பூர் விருந்தினர் ஆற்றிய உரை)

 

காலையில் தேக்காவில் தெரிந்தவர் ஒருவர், "எங்கே தம்பி கிளம்பிட்டீங்க?" என்றார். ஜொகூர் தோட்டப் பள்ளியில் என் படிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன், அதன் பெயர் உடற்பயிற்சி உடலியல் என்றேன். சிரித்துவிட்டார். "ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் ஒரு எம்.எஸ்.சி.யா!" என் அம்மாவும் ஒரு காலத்தில் இதையே கேட்டவர்தான். ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை.

ஓடும்போதும் சுமக்கும்போதும் நம் இதயமும் நுரையீரலும் தசையும் இரத்தமும் என்ன செய்கின்றன என்று அளந்து பார்க்கும் படிப்பு இது. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் பிராணவாயு செலவழிக்கிறார். தேர்ந்த ஓட்டக்காரருக்கு அது 5 லிட்டரையும் எட்டும். 1920களில் இங்கிலாந்தில் ஏ. வி. ஹில் என்ற அறிஞர் பையைச் சுமந்து தாமே ஓடி, விட்ட மூச்சை அதில் பிடித்து அளந்தார். இன்று முகமூடி மாட்டி, ஓடுபொறியில் ஏற்றி அளக்கிறோம்.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம்மவர் இருவர் ஓடினார்கள். சிங்கப்பூர் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். 2001 வரை அது சிங்கப்பூரின் சாதனை. மலேசியாவின் டாக்டர் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அது 2017 வரை நின்றது. அந்த நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, ஆகவே தடை குறைவு. குறுந்தூர ஓட்டக்காரருக்கு அது லாபம். நெடுந்தூரம் ஓடியவர்களோ பிராணவாயு போதாமல் திணறினார்கள். (இதைச் சொன்னதால் அவர்கள் உழைப்பை நான் குறைத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்!)

சிங்கப்பூரில் 1984-இல் உடற்கல்விக் கல்லூரி தோன்றி, 1991-இல் தேசியக் கல்விக் கழகத்தோடு இணைந்தது. முதல் பட்டத்துக்குப் பிறகு அங்கே முதுகலையும் முனைவர் பட்டமும் செய்யலாம். ஆராய்ச்சி மாணவன் மனிதரைச் சோதிக்குமுன் நெறிக்குழுவின் அனுமதி வாங்க வேண்டும். சோதனைக்கு வருபவர் "போதும்" என்றால் உடனே நிறுத்த வேண்டும். தினமும் காலையில் கருவி சரியா என்று பார்க்க வேண்டும். கணக்குக்குப் பயந்து விளையாட்டுப் பக்கம் ஓடிவந்தவன் நான். புள்ளியியல் என்ற பெயரில் அது அங்கேயும் காத்திருந்தது.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போய், பாதி நிரை முடியுமுன் மூச்சு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாராம். "சோம்பேறி" என்று கங்காணி ஏசுவாராம். அப்பாவும் அதை நம்பினார். நானும் நம்பினேன்.

மாணவனாக நூலகத்தில் 1979-இல் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் படித்தேன். ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. இரத்தசோகை தீர்ந்தபின் கொழுந்து கூடுதலாகப் பறிக்கப்பட்டது. சோகை கடுமையாக இருந்தவர்களிடம் முன்னேற்றமும் அதிகம். மற்றொன்று இந்தோனேசியாவில், ரப்பர்த் தோட்டத்தில். ஒரு பகுதியினருக்கு 60 நாள் தினமும் 100 மில்லிகிராம் இரும்புச்சத்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. முதலில் குறைவாகப் பால் எடுத்த சோகைக்காரர்கள், இரும்புச்சத்துக்குப் பிறகு மற்றவர்களுக்கு ஏறக்குறைய சமமாக எடுத்தார்கள்.

காரணம் எளிது. பிராணவாயுவைத் தசைக்குச் சுமந்து போவது இரத்தத்தின் சிவப்பணு. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் சின்ன வேலைக்கும் இதயம் படபடவென்று அடிக்கும், கால் ஓயும். கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு இரத்தத்தைக் குடித்தாலும் இதே கதிதான்.

அன்றிரவு அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வயதான பிறகு ஆஸ்பத்திரியில் அவருக்குச் சோகை என்று ஏற்கெனவே கண்டிருந்தார்கள். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. "அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்றார்.

தாய்மார்களே, மூச்சு வாங்குதென்றால், பிள்ளை ஓடாமல் ஒதுங்கி நிற்கிறதென்றால், கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பயறு, முருங்கைக்கீரை, நெத்திலி எல்லாம் நல்லதுதான். ஆனால் சோகை கடுமையென்றால் மருந்து வேண்டும்.

பரிசு கொடுக்கும் நேரமாகிவிட்டது. இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்க விரும்பும் பிள்ளைகள் பிறகு வாருங்கள். ஆறு மணி பஸ் வரை இங்கேதான் இருப்பேன். வணக்கம்.